நொய்யரிசிக்கு வந்த யோகம்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, குடமுருட்டியும் திருமலைராஜனாறும் பாயும் பூமியில் பாபநாசம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் அருவியும் மலையுமாக வேறொரு பாபநாசம் உண்டு. நாம் சொல்லப் போவது அதைப் பற்றியன்று. இந்தப் பாபநாசத்தில் மலை கிடையாது, அருவியும் கிடையாது. தை மாதத்தில் போனால் நெற்குவியல்களைத்தான் மலை என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஊரை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோவிலில் ஒரு பழைய நெற்களஞ்சியம் நிற்கிறது. வட்டமாகச் செங்கல்லால் எழுப்பி மேலே கூம்பாக முடித்திருக்கிறார்கள். உயரம் சுமார் 36 அடி. தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. 3,000 கலம் நெல் கொள்ளுமாம். கலம் என்றால் என்ன என்று கேட்கும் இளந்தலைமுறைக்காகச் சொல்கிறோம்: பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக, 1,500 மூட்டை நெல் அந்தச் செங்கற் கூண்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று அது வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நமக்கு உண்டான கேள்வி சரித்திரக் கேள்வியன்று. உழுதவன் வீட்டிலிருந்து நெல் புறப்பட்டபின் அது எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, என்ன விலைக்குப் போகலாம் என்று தீர்மானிக்கும் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே அது.

இந்தக் கேள்விக்கு விடை தேடி ராஜாங்கச் சாசனங்களையோ பொருளாதார சாஸ்திரிகளின் பெரிய புஸ்தகங்களையோ புரட்ட வேண்டியதில்லை. நம் வீட்டு அடுக்களையில் முறத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் நொய்யரிசியைக் கேட்டாலே போதும்.

நெல்லை அரைக்கும்போது உடைந்து போகும் அரிசிதான் நொய். அதைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்கிறோம், உப்புமாவுக்கு வைத்துக்கொள்கிறோம், மிஞ்சியதைக் கோழிக்கு இறைக்கிறோம். அரிசி வகைகளில் இவ்வளவு எளியது வேறில்லை. ஆனால் 1935ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் இந்த நொய்யரிசிக்கென்று சட்டம் செய்து ஓர் இறக்குமதி வரி விதித்தது. அந்நிய நாட்டு நொய் இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்பது எண்ணம். 87 வருஷங்கள் கழித்து, 2022 செப்டம்பரில், சுதந்திர இந்தியாவின் சர்க்கார் அதே நொய்யரிசிக்கு ஏற்றுமதித் தடை விதித்தது. நம் நாட்டு நொய் வெளியே போகக் கூடாது என்பது எண்ணம். முதலில் உள்ளே வராதே என்றார்கள். பிறகு வெளியே போகாதே என்றார்கள். நொய்யரிசிக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

முதல் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது நம் ஜில்லாவின் கதை.

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய வியாபார மந்தம் வெகு சீக்கிரத்தில் காவேரிக் கரையையும் எட்டியது. இரண்டு மூன்று வருஷங்களுக்குள் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. போதாததற்கு ரங்கூன் அரிசியும், ஸயாம் அரிசியும், இந்தோ-சீனாவிலிருந்து வந்த அரிசியும் சென்னை ராஜதானித் துறைமுகங்களில் மலிவாக இறங்கின. தஞ்சை மிராசுதார்கள் பதறினார்கள். கூட்டம் போட்டார்கள், தீர்மானம் நிறைவேற்றினார்கள், மகஜர் அனுப்பினார்கள். அந்நிய அரிசிக்கு வரி போடு என்பதே அவர்கள் கேட்டதன் சாரம்.

சர்க்கார் யோசித்துப் போட்ட வரி என்ன தெரியுமா? நொய்யரிசிக்கு மட்டும் மணங்குக்கு 12 அணா. மணங்கு என்றால் நம் சென்னை மணங்கு அன்று. 82 ராத்தலுக்குச் சற்று மேற்பட்ட வடதேசத்து மணங்கு. முழு அரிசியை விட்டு நொய்யை மட்டும் பிடித்ததற்குக் காரணம், ஸயாமிலிருந்து வந்த சரக்கில் நொய்யே அதிகம் என்பதாகும். பர்மாவின் மீது வரி போட வழியே இல்லை. 1937 ஏப்ரல் முதல் தேதி வரையில் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். தன் வீட்டுக் கூடத்திலிருந்து தன் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போகும் சாமானுக்கு யார் சுங்கம் வைப்பார்கள்?

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. மிராசுதார்களை நடுங்க வைத்த ரங்கூன் அரிசி முழுக்க முழுக்க அந்நிய அரிசியன்று. ஐராவதி நதியின் கழிமுகத்துக் காடுகளை வெட்டி வயலாக்குவதற்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். விலை விழுந்தபோது கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930இல் சுமார் 6 சதவிகித நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937-38இல் அது 25 சதவிகிதம் ஆயிற்று. அந்தத் துறைமுகங்களில் மூட்டை சுமந்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். காரைக்குடிப் பணம் காவேரிப்பட்டினத்து நெல்லோடு போட்டி போட்டது என்று சொன்னால் மிகையாகாது. அந்நியச் சரக்கு, சுதேசிச் சரக்கு என்று சுங்கச் சாவடிக்காரர் போடும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்கு அகப்படவில்லை.

மிராசுதார்கள் பட்ட கஷ்டம் பொய்யல்ல. ஆனால் அந்தக் கஷ்டத்தின் வேர் எங்கே இருந்தது? நிலத்தின் கிஸ்தி ரொக்கமாகக் கட்ட வேண்டியது. விலை உயர்ந்திருந்த 1920களில் நடந்த மறு செட்டில்மெண்டில் கிஸ்தியும் உயர்த்தப்பட்டது. நெல் விலை பாதியானபோது அதே கிஸ்தியைக் கட்ட முன்னைப் போல இரு மடங்கு நெல்லை விற்க வேண்டியதாயிற்று. இது ஒன்று. இரண்டாவது, 1927இல் சர்க்கார் சட்டம் செய்து ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிர்ணயித்தது. 1 ஷில்லிங் 4 பென்ஸ்தான் நியாயம் என்று தேசியவாதிகளும் இந்திய வியாபாரிகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ரூபாயின் மதிப்பு செயற்கையாக உயர்ந்திருந்தால் வெளிநாட்டுச் சரக்கு இங்கே மலிவாகும்; நம் சரக்குக்கு வெளியே கிடைக்கும் ரூபாய் குறையும். ஆக, சர்க்கார் ஒரு கையால் நாணய மாற்றைத் திருகி நெல் விலையை அமுக்கியது, மற்றொரு கையால் கிஸ்தியை முழுசாக வாங்கிக்கொண்டது, ‘ஐயோ!’ என்று குடியானவன் அலறியபோது மூன்றாவது கையை நீட்டி, ‘இந்தா, நொய்க்கு 12 அணா வரி’ என்றது. கிஸ்தியைக் குறைத்து ரூபாயை அதன் இயல்பான நிலைக்கு விட்டிருந்தால் அந்த மூன்றாவது கைக்கு வேலையே இருந்திராது. நமக்குத் தெரிந்தவரையில் சர்க்கார்களின் பொருளாதாரக் கொள்கை பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது. முதல் தப்பைத் திருத்துவது கௌரவக் குறைவு என்று எண்ணி, அதன் பக்கத்திலேயே இரண்டாவது தப்பை நட்டு வைக்கிறார்கள்.

அந்த 12 அணாவை யார் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஸயாம் ராஜா கொடுக்கவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாள் கூலியை நெல்லாகவே வாங்கியதால் அவனை அது அதிகம் தொடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நெல் விளையாத ராமநாதபுரத்துக் கரம்பில் இருந்தவனும், மலையாளக் கரையில் இருந்தவனும், பட்டணத்து மூட்டைக் கூலியும் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். அவர்களிலும் நொய்யை வாங்கியவன் எல்லோரிலும் ஏழை. அவனுக்கு மகஜர் எழுதத் தெரியாது; அவன் சார்பில் தீர்மானம் போடச் சங்கமும் கிடையாது. வரியினால் லாபம் அடைகிறவர்கள் சிலர். அவர்கள் ஒன்றுகூடிப் பேசுவார்கள். நஷ்டம் அடைகிறவர்கள் பல லட்சம் பேர். ஒவ்வொருவனுக்கும் காலணா அரையணா நஷ்டம் என்பதால் ஒருவனும் வாய் திறப்பதில்லை. இங்கிலாந்தில் தானிய இறக்குமதிக்கு வரி விதித்த சட்டங்களை 1846இல் ஒழிப்பதற்கு ரிச்சர்ட் காப்டன் முதலியோர் வருஷக் கணக்காகக் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான். அங்கே ரொட்டி தின்றவன் ஊமை. நிலச்சுவான்தாரோ பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தார்.

*

இந்த இடத்தில் நேயர்களில் சிலர் நம்மைக் கோபத்தோடு பார்ப்பது தெரிகிறது. ‘சுதேசியத்தில் பிறந்து வளர்ந்த பத்திரிகைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் நீங்கள். சுங்கவரியை எதிர்க்கலாமா? மான்செஸ்டர்க்காரன் தடையில்லா வியாபாரம் என்று சொல்லித்தானே நம் தறிகளை ஒழித்தான்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மான்செஸ்டர்க்காரன் தடையில்லா வியாபாரம் என்று சொன்னது உண்மை, செய்தது வேறு. 1896இல் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் திருப்திக்காக, பம்பாயிலும் ஆமதாபாத்திலும் நம் ஆலைகள் நெய்த துணியின் மீது 3½ சதவிகித உற்பத்தி வரி விதித்தார்கள். தன் நாட்டில் தானே நெய்த துணிக்கு, அந்நியன் மனம் கோணக் கூடாது என்பதற்காக, நாம் வரி கொடுத்தோம். 1925 டிசம்பரில்தான் அது நிறுத்தப்பட்டது. இதற்குத் தடையில்லா வியாபாரம் என்று பெயர் வைத்தால், வழிப்பறிக்குத் தர்ம வசூல் என்று பெயர் வைக்கலாம்.

சுதேசி விரதம் என்பது சுங்கச் சாவடியில் பிறந்ததன்று. அவரவர் மனத்தில் பிறந்தது. கதர் உடுத்தியவர்கள் சர்க்கார் உத்தரவினால் உடுத்தவில்லை. விலை அதிகம், துணி முரடு என்று தெரிந்தே தம் சொந்தக் காசைக் கொடுத்து வாங்கினார்கள். நம் பாட்டிமார்கள் அந்தத் துணியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டது அவர்களுடைய சுதந்திரம். பக்கத்து வீட்டுக்காரனும் தாங்கித்தான் தீர வேண்டும் என்று போலீஸ்காரனை அனுப்புவது வேறு விஷயம். முதலாவதற்கு நாம் என்றும் தலை வணங்குவோம். இரண்டாவதைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்காரின் பொருளாதாரக் கொள்கை தன் சுயரூபத்தோடு நின்றது உப்பு விஷயத்தில்தான். கடலும் வெயிலும் இலவசம். உப்பு மட்டும் சர்க்காருடையது! 1930 ஏப்ரல் 13ந் தேதி திருச்சினாப்பள்ளியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு புறப்பட்டு, தஞ்சாவூர் ஜில்லாவின் குறுக்கே நடந்து வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போடுவதும் இடம் கொடுப்பதும் குற்றம் என்று கலெக்டர் தார்ன் எச்சரித்தார். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள் என்பது இந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. தஞ்சாவூர்க்காரனுக்குச் சோறு போடுவது சட்ட விரோதம் என்று சொன்னால் எவ்வளவு ரோஷம் வரும் என்பது கலெக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

*

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. எந்த அரிசி வரக் கூடாது என்று தஞ்சாவூரில் தீர்மானம் போட்டார்களோ அந்த அரிசி, ஒரு காசு வரியில்லாமல், அடியோடு நின்றது. மலையாளக் கரையில் பட்டினி. மறு வருஷம் வங்காளத்தில் நேர்ந்த பஞ்சத்தில் மாண்டவர்கள் பல லட்சம். மாகாணத்துக்கு மாகாணம் எல்லையை மூடிக்கொண்டார்கள். இந்தியாவுக்குள்ளேயே பல இந்தியாக்கள் உண்டாயின. அந்தக் கதவடைப்பும் பஞ்சத்தை வளர்த்த காரணங்களில் ஒன்று.

இங்கே நாமும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வியாபாரியை அவன் போக்கில் விட்டிருந்தால் வங்காளத்துக் கூலியாள் பிழைத்திருப்பான் என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். தானியம் பசி இருக்கும் இடத்தை நோக்கிப் போவதில்லை. காசு இருக்கும் இடத்தை நோக்கிப் போகிறது. கையில் காசில்லாதவனுக்குச் சந்தை என்பது வேடிக்கை பார்க்கும் இடம். அவன் கையில் காசையோ தானியத்தையோ கொடுக்க வேண்டிய கடமை சர்க்காருக்கு உண்டு. இதை மறுக்கும் சுயேச்சைவாதி எவரேனும் இருந்தால் அவருடன் நமக்கு உறவில்லை. பசித்தவனுக்குக் கொடுப்பது வேறு, விளைவித்தவன் கையைக் கட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே நம் ஆட்சேபம்.

யுத்த காலத்துக் கட்டுப்பாடு யுத்தத்துடன் தீரவில்லை. ரேஷன் கார்டு, கொள்முதல், கறுப்புச் சந்தை என்ற மூன்றும் உடன்பிறந்தவர்களைப் போல ஒன்றாக வாழ்ந்தன. மகாத்மா காந்தி 1947 கடைசியில் கட்டுப்பாடுகளை நீக்கும்படி வற்புறுத்தினார், நீக்கினார்கள், விலை தாறுமாறாக ஏறியது, 1948இல் திரும்பவும் கட்டினார்கள். இது நம் கட்சிக்குச் சாதகமான சம்பவம் அன்று. ஆனாலும் சரித்திரம் சரித்திரந்தான்.

நான்கு வருஷம் கழித்து, 1952 ஏப்ரலில், ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியானார். ஜூன் மாதத்தில், அதிகாரிகள் பலர் பயந்து நடுங்க, உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் ஒரே அறிவிப்பில் தளர்த்திவிட்டார். மழை பொய்த்துப் போயிருந்த காலம் அது. பஞ்சம் வரும், பதுக்கல்காரர்கள் கொள்ளை அடிப்பார்கள் என்று சொன்னவர்கள் ஏராளம். அவர்கள் சொன்ன பிரளயம் வரவில்லை. பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது. டில்லியில் உணவு மந்திரியாக இருந்த ரபி அகமது கித்வாய் இதைக் கண்டு தைரியம் கொண்டார். 1954இல் தேசம் முழுவதிலும் அரிசிக் கட்டுப்பாடு நீங்கியது. 1948இல் தோற்றது 1952இல் எப்படி வென்றது? முன்னதில் சரக்கும் குறைவு, சர்க்காரின் கையிருப்பும் குறைவு. பின்னதில் எதிர்பாராமல் திடீரென்று செய்ததால் பதுக்கியவனுக்கே பயம் பிறந்துவிட்டது என்பது நம் அபிப்பிராயம்.

அதே ராஜாஜிதான் அந்த வருஷம் ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பு அளிக்க அவசரச் சட்டம் பிறப்பித்தார். நெல் வியாபாரியை அவிழ்த்துவிட்டவர் மிராசுதாரைக் கட்டியது ஏன் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. நமக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. வேறு போக்கிடம் இல்லாத பண்ணையாளுக்கும் ஆயிரம் வேலி மிராசுதாருக்கும் நடப்பது ஒப்பந்தமாகாது. சுதந்திரம் என்பது இரண்டு பேரும் எழுந்து போக முடிகிற பேரத்தில்தான் இருக்கிறது.

1959இல் அவர் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்து, ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று டில்லி ஆட்சிக்குப் பெயர் சூட்டியதும், அது வீட்டுக்கு வீடு பழமொழி போல் ஆனதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். பெயர் நின்றது, கட்சி நிற்கவில்லை. 1960களில் மழை தவறியபோது கட்டுப்பாடுகள் எல்லாம் திரும்பி வந்தன. 1965 ஜனவரி 14ந் தேதி, பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் ஜில்லா அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூரில்! நெல் இருக்கும் இடத்தைச் சர்க்கார் சரியாகத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி காங்கிரஸைக் கவிழ்த்ததும், அந்தக் கூட்டணியில் ராஜாஜியே இருந்ததும், அரசியல் என்ற சமையலில் எல்லாக் காய்களும் ஒரே பாத்திரத்தில் வேகும் என்பதற்குச் சாட்சி. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது.

*

இன்றைய பாபநாசம் தாலுகாவில் அறுவடைக் காலத்தில் சுற்றினால், அந்தக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைக் காணலாம். முன்னே களம், களம் போதாமல் சாலையின் ஒரு பாதியிலும் நெல், அதன் மேல் தார்ப்பாய். நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் அறுத்த குறுவை நெல்லுக்கு அந்த 17 எங்கிருந்து வரும்? டில்லியின் அனுமதி பெற்றுத்தான் அதைத் தளர்த்த முடியும். கோப்பு டில்லிக்குப் போய்த் திரும்பும் வரையில் நெல் முளைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். நெல்லுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இப்படி ஒரு களத்தில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நம் சித்தாந்தத்தைச் சற்று அவிழ்த்துப் பார்த்தோம். “ஏன் ஐயா, சர்க்கார் ஒதுங்கிக்கொண்டு வியாபாரிகளையே வாங்க விட்டால் நல்ல விலை வருமல்லவா?” என்றோம்.

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, சர்க்கார் எடுத்தால் நாலு நாள் காத்துக் கிடக்கணும். வியாபாரி எடுத்தால் காத்துக் கிடக்க வேணாம். மூட்டைக்கு இருநூறு முந்நூறு விட்டுக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம். உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லுங்க” என்றார்.

நமக்கு உடனே பதில் வரவில்லை. 2025-26ஆம் வருஷத்தில் சாதாரண நெல்லுக்கு மத்திய சர்க்காரின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாட்டு சர்க்கார் தன் ஊக்கத் தொகையைச் சேர்த்து 2,500 ரூபாய் என்று அறிவித்தது. இந்த விலை இல்லாவிட்டால் அறுவடை நெரிசலில் வியாபாரி என்ன கொடுப்பான் என்பது பெரியவருக்கு அனுபவத்தில் தெரியும். 2020இல் டில்லி மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டுவந்து, 2021 நவம்பரில் திரும்பப் பெற நேர்ந்ததும் இந்த அவநம்பிக்கையினால்தான். சந்தையை நம்பு என்று குடியானவனிடம் சொன்ன அதே சர்க்கார், சந்தையில் விலை ஏறும்போதெல்லாம் கதவைச் சாத்தியிருக்கிறது. அவன் எதை நம்புவான்?

கதவைச் சாத்திய கதைதான் நொய்யரிசியின் இரண்டாவது கதை. 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதிக்குத் தடை. பச்சரிசி ஏற்றுமதிக்கு 20 சதவிகித வரி. நொய்க்குத் தடை விதித்ததற்குச் சொன்ன காரணங்களில் கோழித் தீவனமும், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் அடக்கம். 2023 ஜூலை 20ந் தேதி பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதி முழுவதற்கும் தடை. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 சதவிகித ஏற்றுமதி வரி. உலகத்தில் கப்பலேறும் அரிசியில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது. அந்தக் கதவு மூடியதும் உலக விலை பதினைந்து வருஷங்களில் இல்லாத உயரத்துக்குப் போயிற்று. அமெரிக்காவில் நம்மவர் வீட்டுப் பெண்மணிகள் கடைக்கு ஓடி மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசியைக் காரில் ஏற்றினார்கள் என்று பத்திரிகைகளில் படித்தோம், படங்களும் பார்த்தோம்.

அவர்களுக்கு அரிசி விலை ஏறியது, பாபநாசத்துக்காரருக்கு ஏறவில்லை. 2023-24இல் இங்கே மத்திய சர்க்காரின் ஆதரவு விலை 2,183 ரூபாய். ஏற்றுமதி வரி என்ற பெயர் வேறு ஏதோ தேசத்தான் கொடுப்பது போலத் தோன்றும். உண்மையில் வியாபாரி அதைக் கழித்துக்கொண்டுதான் இங்கே நெல்லுக்கு விலை சொல்லுவான். 1935இல் வாங்கித் தின்றவன் கொடுத்தான். 2023இல் விளைவித்தவன் கொடுத்தான். இரண்டு தடவையும் சாவடியில் உட்கார்ந்தவருக்குச் செலவில்லை.

இன்னொருவனையும் மறக்கலாகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு தேசம். அந்நாட்டார் நொய்யரிசியையே விரும்பிச் சமைப்பவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இந்தோ-சீனாவில் மிஞ்சிய நொய்யைத் தங்கள் ஆப்பிரிக்கக் குடியேற்றத்தில் கொண்டுபோய் விற்றதால் ஏற்பட்ட பழக்கம் அது. தஞ்சாவூர் மிராசுதார்கள் 1930களில் பயந்தது அதே இந்தோ-சீனாவின் அரிசியைத்தான். 2022இல் நம் கதவு மூடியபோது, கோழிக்கும் எத்தனாலுக்கும் முன்னுரிமை போய், செனகல் குடும்பத்துச் சட்டி காத்திருந்தது. பின்னால் சர்க்காருக்குச் சர்க்கார் என்ற முறையில் அந்நாட்டுக்கு இவ்வளவு என்று கோட்டா வைத்து அனுமதித்தார்கள். கோட்டா! ராஜாஜி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

கார்களில் ஏறிய பொன்னி அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவேரியின் பெயரைத் தாங்கியிருப்பதால் அது கரிகாலன் காலத்து நெல் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதன் பெற்றோரில் ஒன்று மலாய் நாட்டு மாயாங் எபோஸ் என்ற நெல். மற்றொன்று தைவானத்து தைச்சுங். அந்த ஒட்டிலிருந்து மலாய் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது கடல் கடந்து இங்கே வந்து நம்முடைய பெயரைச் சூடிக்கொண்டது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகம் அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியை 1986இல் வெளியிட்டது. அந்த விதை வந்த கப்பலைப் பார்த்து ‘அந்நிய நெல்’ என்று யாரும் சாவடியைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் நம் வீட்டுப் பந்தியில் இன்று என்ன பரிமாறுவார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

களத்துப் பெரியவருக்கு நாம் சொல்ல நினைத்த பதில் பிற்பாடுதான் உருவாயிற்று. கொள்முதல் நிலையத்தை நாளைக் காலையில் இழுத்து மூட வேண்டும் என்பதல்ல நம் எண்ணம். முதலில் துறைமுகக் கதவைத் திறந்தே வைக்கட்டும். அறுவடைக்கு நடுவில் ஓர் அறிவிப்பால் அதை மூடும் அதிகாரத்தைச் சர்க்கார் தானாகவே கைவிடட்டும். ஏழைக்குக் கொடுக்கும் அரிசியை அன்றைய சந்தை விலைக்கு வாங்கிக் கொடுக்கட்டும்; அந்தத் தர்மத்தின் செலவு எல்லோர் வரியிலும் விழட்டும், உழவன் ஒருவன் தலையில் விழ வேண்டாம். உலர்த்தக் களமும் வைக்கக் கிடங்கும் இருந்தால் அறுத்த அன்றே விற்க வேண்டிய அவசரம் இராது. நாயக்கர் காலத்தில் கட்டிய கூண்டு திருப்பாலைத்துறையில் நானூறு வருஷமாக மழையில் நிற்கிறது. கொள்முதல் நிலையத்து மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. இவை நடந்து சில வருஷங்கள் கழிந்தபின் அதே பெரியவரிடம் வியாபாரிகள் நாலு பேர் போட்டியிட்டு விலை சொன்னால், அவர் சர்க்காரிடம் விற்பதா வியாபாரியிடம் விற்பதா என்று அவரே தீர்மானித்துக்கொள்வார். நம்மைக் கேட்க மாட்டார்.

பச்சரிசித் தடை 2024 செப்டம்பர் கடைசியில் நீங்கியது. புழுங்கலரிசி வரி அதே வருஷம் அக்டோபர் 22ந் தேதி ரத்தாயிற்று. நொய்யரிசித் தடை 2025 மார்ச்சில்தான் போயிற்று. எளியதற்குக் கடைசி முறை. 2024 தை, மாசி மாதங்களில் சம்பா அறுத்து விற்றவர்கள் கதவு மூடியிருந்தபோது விற்றவர்கள். கதவு திறந்திருந்தால் அவர்களுக்கு மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று சர்க்கார் கணக்கில் ஒரு பத்தி கிடையாது. பாபநாசத்தில் அந்த வருஷத்து ரசீதுகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வாங்கிய விலைதான் எழுதியிருக்கிறது.